பழைய துணியும் பக்கத்து இடமும்

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். சமூக சேவை என்று பிள்ளைகளிடம் பழைய துணி சேர்த்து, தெருவில் குப்பை எடுப்பவர்களுக்குக் கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம். என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா தூய்மைப் பணியாளர் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இப்போது அவன் பக்கத்தில் யாரும் உட்கார மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்தப் போட்டோ நோட்டீஸ் போர்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள் டீச்சர். அப்புறம் வாரா வாரம் சீட்டுக் குலுக்கி மொத்த வகுப்புக்கும் இடம் மாற்றுங்கள். அவனுக்காகத்தான் என்று மூச்சுவிடக் கூடாது. "பாவம், அவனோடு சேர்ந்து விளையாடுங்கள்" என்று சொன்னீர்களோ, போச்சு!

துணியை விடுங்கள், குப்பையைப் பேசுங்கள். குப்பையை வகை வகையாகப் பிரித்துத் தர வேண்டும் என 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. நம் வீடுகளில் சாம்பார் சாதமும் பிளேடும் ஒரே கவரில்தான் போகின்றன. உங்கள் வீட்டில் எப்படி என்று பிள்ளைகளையே பார்த்து வரச் சொல்லுங்கள்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் இருந்தபோது, ஒரு தூய்மைப் பணியாளரை வகுப்புக்கு அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். கையுறையைக் கழற்றி, கண்ணாடி கிழித்த தழும்பைக் காட்டினார். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "பாத்ரூம் வந்தா எங்கே போவீங்க?" என்றாள். "அதுக்குத்தான் தண்ணியே குடிக்கிறதில்ல கண்ணு" என்றார். நான் எழுதிக் கொடுத்த கேள்விகளில் அது இல்லை. அதற்கப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது? உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுக்கும்படி பிள்ளைகளே வீடு வீடாகச் சொன்னார்கள்.

நீங்களும் அழையுங்கள். ஆனால் அந்தப் பையனின் அம்மாவை வேண்டாம். அவனே ஆசைப்பட்டுக் கேட்டால் சரி.

தூய்மைப் பணியாளர்களுக்குக் கழிப்பறை வசதி கேட்டு வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதலாம். சென்னையில் 200 வார்டு. தங்கள் தெரு எந்த வார்டு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் பேசலாம். புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரியவர்கள் நாமே அதைக் கோட்டை விடுகிறோம்.