வண்டியின் உட்கூரையைப் பசை மட்டும் தாங்குமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி, உள்பக்கத் தகரத்தில் தெர்மக்கோலும் அதன்மேல் ஃபோம் வைத்த ரெக்சினும் ஆசாரியை வைத்து ஒட்டினோம். மே மாதத்தில் கூரைப் பகுதி முழுவதும் தொங்கிவிட்டது. வேறு பசை வாங்க வேண்டுமா, ஸ்க்ரூ அடிக்கலாமா? துளையிட்டால் மழை ஒழுகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் ஆசாரியைக் குறை சொல்வதற்கு முன் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தின்போது வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது; வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் கூரைத் தகரம் 60, 70 டிகிரி வரை எளிதாகச் சூடேறும். தச்சுவேலைக்கு வாங்கும் சாதாரண மஞ்சள் ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். சுவரில் இளகினால் துணி சற்றே சுருங்கும். கூரையிலோ எடை முழுவதும் கீழ்நோக்கி இழுப்பதால் ஓரத்தில் ஒரு விரல் அளவு பிரிந்தாலே மீதியும் உரிந்து வந்துவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிலால் நம் பகுதியில் பசை தாராளமாகக் கிடைக்கிறது. இந்த வசதியே பலரை ஏமாற்றுகிறது. காலணியின் அடிப்பாகத்தை ஒட்டும் பசையைத் தடவி, உலரவிட்டு, பிறகு சூடுகாட்டி இளக்கித்தான் அழுத்துவார்கள். கெட்டிப்படுத்தும் திரவம் கலக்காமல் அதே பசையைக் கூரையில் தடவினால், மே மாத வெயில் அதை மறுபடியும் இளக்கும். “தொழிற்சாலைச் சரக்கு” என்று கேனில் ஊற்றி விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். தின்னர் கலந்து நீர்த்துப்போன பசையை நான் பலமுறை கையில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன், நூல் இழுபடாது. முத்திரை உடையாத டப்பாவில், வெப்பம் தாங்கும் ரப்பர் பசை என்று குறித்திருப்பதை மட்டும் பில் போட்டு வாங்குங்கள். எத்தனை டிகிரி தாங்கும் என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட இத்தனை ஆண்டுகளாகியும் எவருக்கும் மனம் வரவில்லை. அந்த எறும்பெழுத்தைப் படிக்க முடியாமல்தான் மக்கள் இடைத்தரகரின் வாயை நம்புகிறார்கள். வெள்ளைப் பசை மரத்துக்கானது; அதன் ஈரம் தகரத்தின் வழியே வெளியேறாது.

ஒரு விலக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கரைப்பான் கலந்த எந்த ரப்பர் பசையும் தெர்மக்கோலில் நேரடியாகப் படக்கூடாது. தொங்கிய பகுதியைக் கிழித்துப் பாருங்கள். தெர்மக்கோல் கரையான் அரித்ததுபோல் குழிகுழியாக இருந்தால், பசையிலுள்ள கரைப்பான் அதைத் தின்றுவிட்டது என்று பொருள். அப்படியானால் எத்தனை உயர்ந்த பசை வாங்கினாலும் பயனில்லை, ஏனெனில் பசை பிடித்துக்கொள்ள அங்கே பரப்பே மிஞ்சாது. தெர்மக்கோலை எடுத்துவிட்டு, ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டைப் போடுங்கள். தெர்மக்கோல்தான் வேண்டுமென்றால், பசையின்றிச் சட்டங்களுக்கு நடுவே செருகி, மேலே 4 மி.மீ. பிளைவுட் பலகையால் மூடி, ரெக்சினை அந்தப் பலகையில் ஒட்டுங்கள்.

அந்தப் பலகையைத் தாங்க வேண்டியது ரிவெட் எனும், துளையில் செருகி இழுத்து இறுக்கும் உலோக ஆணிதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் வண்டியில் கூரையைப் பசையிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. வெளித்தகரத்தைத் துளைத்தால்தான் ஒழுகும். உள்சட்டத்தோடு நிறுத்தினால் ஒழுகாது. இரும்புச் சட்டம் இருக்குமிடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். டிரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் அதற்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். அகலத் தலை கொண்ட பாப் ரிவெட்டைச் சுமார் 15 செ.மீ. இடைவெளியில் அடியுங்கள், இரும்புச் சட்டத்துக்கு இரும்பு ரிவெட், அலுமினியச் சட்டத்துக்கு அலுமினிய ரிவெட். மாற்றி அடித்தால் ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் பொடிந்துபோகும். இடுக்கை அடைக்க வினிகர் வாசனை வீசும் சிலிக்கானைத் தவிர்க்கவும். அது ஜிங்க் பூச்சை அரிக்கும்.

ஒட்டும் முன் தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். இரு பரப்பிலும் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 10, 15 நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். வேலையை அதிகாலையில், கதவு ஜன்னல் அனைத்தையும் திறந்துவைத்துச் செய்யுங்கள். கேஸ் அடுப்பை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், பீடி, சிகரெட் பற்றவைப்பவர் எவரையும் அருகில் விடாதீர்கள். வாசனை முற்றிலும் போகும்வரை குழந்தைகளை உள்ளே படுக்கவைக்க வேண்டாம்.