பாரிஸுக்கு ரயிலா, விமானமா, காரா? முதலில் தலையை எண்ணுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. வருகிற ஆகஸ்டில் பாரிஸில் தங்கையின் மகளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். நான், அவர், இரண்டு பிள்ளைகள் (13, 9 வயது). தங்கை வீடு பாரிஸை ஒட்டிய லா கூர்னவில். வெள்ளி போய்த் திங்கள் வர வேண்டும். யூரோஸ்டார் ரயில் என்றால் அவர் "அந்தக் காசுக்கு ஊருக்கே போய் வரலாம்" என்கிறார். மச்சாள் 30 பவுண்டுக்கு விமானம் இருக்கிறது என்கிறா. கார் வீட்டில் நிற்கிறது. சீலை, தட்டுச் சாமான் என்று பெட்டி நிறைய வரும். எது உண்மையில் மலிவு?

பதில்: அவர் சொல்வது கொஞ்சம் மிகைதான், ஆனால் மச்சாள் சொல்லும் 30 பவுண்டு அதைவிடப் பெரிய மிகை. அந்த விலையில் போகிறவர் முன் இருக்கைக்கு அடியில் தள்ளக்கூடிய ஒரு சின்னப் பையோடு மட்டும் போவார். சாமத்திய வீட்டுக்குப் போகிற யாரும் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில்காரன் தலைக்குக் காசு வாங்குகிறான், விமானக்காரன் தலைக்கும் வாங்கிப் பெட்டிக்கும் வாங்குகிறான், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகிற சுரங்கத்தில் காரை ரயிலில் ஏற்றிப் போகிறவன் காருக்கு மட்டும் வாங்குகிறான், உள்ளே ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். அதனால் 'எது மலிவு' என்பதற்கு முன்னால் 'எத்தனை பேர்' என்று கேட்க வேண்டும். கீழே நான் போடும் விலைகள் கோடை வார இறுதிக்கு ஆறேழு வாரம் முன்னால் எடுப்பதாக வைத்துக்கொண்டு கணக்குக்காகப் போட்டவை. உங்கள் தேதிக்குக் கிடைக்கும் விலையை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ரயிலில் விளம்பரத்தில் வரும் நாற்பது பவுண்டுச் சொச்ச விலை செவ்வாய்க்கிழமை மத்தியான ரயிலுக்கு, அதுவும் மாதக்கணக்கில் முன்னால் எடுப்பவருக்கு. கடைசி நேரத்தில் அதே இருக்கை ஒரு வழிக்கு 200 பவுண்டைத் தாண்டும். வெள்ளி-திங்களுக்குத் தலைக்கு 90 என்று வைத்தால் நாலு பேருக்குப் போக வர 720. யூரோஸ்டாரில் 4 முதல் 11 வயது வரைதான் பிள்ளைக் கட்டணம், ஆக உங்கள் சின்னவருக்குக் கொஞ்சம் குறையும், மூத்தவருக்குக் கிடையாது. 700 என்று எடுத்துக்கொள்வோம்.

விமானத்துக்கு ஒரு வழிக்குத் தலைக்கு 50 போட்டால் 400 ஆகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் இரண்டு பெரிய பெட்டிக்குப் போக வர ஒரு 140. ஈஸ்ட் ஹாமிலிருந்து லூட்டனுக்கோ கேட்விக்குக்கோ நாலு பேர் போய் வர 80, 90. ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கினால் ஊருக்குள் வருகிற ரயிலுக்கு 2025-இலிருந்து தனி டிக்கெட், அந்த ஆண்டு விலையிலேயே ஆளுக்கு 13 யூரோ, பாதி வழியில் இறங்கினாலும் அதே காசு. சின்னவருக்குப் பாதி, ஆகக் குடும்பத்துக்குப் போக வர ஏறக்குறைய 90 யூரோ. கூட்டிப் பார்த்தால் இதுவும் 700 பவுண்டுக்கு வந்து நிற்கிறது, அதோடு விடியற்காலை மூன்றரைக்கு எழும்ப வேண்டும். விமானமே எடுத்தால் பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள், சாதாரண வகுப்பில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பிரிட்டனின் விமானப் பயண வரி கிடையாது.

ஒருமுறை நானும் இந்த மலிவில் விழுந்தவன்தான். பெயர் வேண்டாம், ஒரு மலிவு விமானத்தில் 22 பவுண்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு பெருமையோடு போனேன். பையின் சில்லு அவர்களுடைய அளவுக் கூட்டுக்குள் போகவில்லை என்று வாசலில் வைத்து டிக்கெட் விலையைப் போல இரண்டு மடங்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து பையையும் சேர்க்காமல் யாராவது விமான விலை சொன்னால் நான் காது கொடுப்பதில்லை.

இனி கார். ஃபோக்ஸ்டனிலிருந்து கலேக்குச் சுரங்க ரயில் 35 நிமிடம், ஒரு வழிக்கு 130 என்று வைப்போம், போக வர 260. ஐந்து நாளுக்குள் திரும்புகிறவர்களுக்குத் தனி விலை இருக்கிறது, அதைத் தேடி எடுங்கள், நீங்கள் நாலு நாளில் வந்துவிடுகிறீர்களே. டோவரில் கப்பல் எடுத்தால் பெரும்பாலும் இன்னும் குறையும், ஆனால் ஒன்றரை மணித்தியாலம் கடலில். வீட்டிலிருந்து லா கூர்னவ் ஏறக்குறைய 470 கிலோமீட்டர், போக வர 940. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிற கார் என்றால் 66 லிட்டர் பெட்ரோல், சுமார் 90 பவுண்டு. கலே-பாரிஸ் நெடுஞ்சாலைச் சுங்கம் ஒரு வழிக்கு 25 யூரோவை ஒட்டி வரும். எல்லாம் சேர்த்து 400 பவுண்டுக்குள் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் கார் வைத்திருப்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள், பெட்ரோலை மட்டும் எண்ணிவிட்டு டயர், தேய்மானம், காப்புறுதி, சர்வீஸ் எதையும் எண்ணுவதில்லை. வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுகிறவருக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்று பிரிட்டிஷ் வரித்துறை 2011-இல் ஒரு கணக்கு வைத்தது. அதைப் போட்டால் உங்கள் 584 மைலுக்கு 263 பவுண்டு. அதில் பெட்ரோலும் அடக்கம். சுரங்கம், சுங்கம் சேர்த்தால் 570-க்குக் கிட்ட வருகிறது. இப்படி முழுக் கணக்குப் போட்டாலும் நாலு பேருக்குக் கார்தான் மலிவு. நீங்களும் அவரும் மட்டும் போவதென்றால் ரயில் 360, கார் அதே 570, அப்போது நான் யோசிக்காமல் ரயில் என்று சொல்லியிருப்பேன். முழுக் கணக்கில் மூன்று பேருக்கு ரயிலும் காரும் ஏறக்குறைய சமம், நாலாவது ஆள் ஏறினால் கார் முந்துகிறது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயில் ஓடுவது இரண்டே கால் மணித்தியாலம்தான், செயின்ட் பாங்க்ரஸில் கடவுச்சீட்டுச் சோதனைக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னால் போய் நின்றாலும் வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து மணித்தியாலம். பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் லா கூர்னவ் அதே நிலையத்திலிருந்து பி வழி ரயிலில் இரண்டாவது தரிப்பு. காரில் ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஐரோப்பிய நேரம் ஒரு மணி முந்தியது. வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிட்டால் நடுச்சாமம்தான்.

காரில் போவதென்றால் மூன்று விஷயத்தை மறக்க வேண்டாம். தேம்ஸ் ஆற்றைத் தாண்டுகிற டார்ட்ஃபோர்ட் பாலத்துக்குக் காசு கட்டச் சாவடி கிடையாது, மறுநாள் நடுச்சாமத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் வீட்டுக்குத் தண்டக் கடிதம் வரும். காரைத் தங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, நம் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்கு ரயிலில் போங்கள். 2024 அக்டோபரிலிருந்து பாரிஸின் நடு வட்டாரங்களில் 1.6 தொன்னுக்கு மேற்பட்ட வெளியூர் பெட்ரோல், டீசல் கார்களுக்குத் தெரு பார்க்கிங் மணிக்கு 18 யூரோ, லாச்சப்பல் கடைத்தெரு இருக்கிற 10-ஆம் வட்டாரமும் அதில் அடக்கம். நகைக் கடையில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் தெருவிலேயே போய்விடும். மூன்றாவது, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், எதில் போனாலும் இதே சட்டம்தான்.

கேள்வி: குறுகிய தூரத்துக்கு விமானத்தை விட்டு ரயிலில் போங்கள் என்று எல்லா அரசும் சொல்கிறது. பிறகு ஏன் ரயில் விலை விமானத்தைவிடக் கூட இருக்கிறது? ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆட்டமே சரிவான மைதானத்தில் நடக்கிறது. 1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கையில், விமானத்தின் தொட்டியில் வருகிற எரிபொருளுக்கு வந்திறங்கும் நாடு வரி போடக்கூடாது என்று எழுதினார்கள். பிறகு வந்த இருநாட்டு ஒப்பந்தங்களும் அதே வழியில் போனதால் இன்றைக்கும் நாடு விட்டு நாடு பறக்கிற விமானத்தின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரி இல்லை. உங்கள் காருக்கு ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் வரி இருக்கிறது. வானத்தில் பாதை போட வேண்டியதும் இல்லை. ரயில் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும் வாடகை, கால்வாய்ச் சுரங்கத்துக்கோ ஒவ்வொரு பயணிக்கும் தனியாகக் கட்டணம்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் போட்டி இல்லாததுதான் என்பது என் கருத்து. லண்டன்-பாரிஸ் வழியில் 1994-இலிருந்து பயணிகள் ரயில் விடுவது ஒரே கம்பெனி. ஸ்பெயினைப் பாருங்கள். மாட்ரிட்-பார்சிலோனா 620 கிலோமீட்டர், அதிவேகப் பாதை 2008-இல் முழுமையாகத் திறந்தது, பல வருடம் அரசு ரயில் ரென்ஃபே மட்டும் ஓட்டியது. 2021 மே மாதம் பிரெஞ்சுக்காரரின் ஊய்கோ 9 யூரோ டிக்கெட்டோடு வந்து இறங்கியது, ரென்ஃபேயும் அடுத்த மாதமே ஆவ்லோ என்று ஒரு மலிவு ரயிலை விட்டது, 2022 கடைசியில் ஈர்யோ வந்தது. அந்த வழியில் இப்போது முன்கூட்டிப் பார்க்கிறவர் இரண்டரை மணித்தியாலப் பயணத்துக்குக் கொடுக்கிற காசு, லண்டனில் விமான நிலையம் போகிற ரயிலுக்குக் கொடுக்கிற காசுதான். லண்டன் பக்கத்துக்கும் அந்தக் காலம் வரலாம். ரயில்களை நிறுத்திப் பராமரிக்கிற பணிமனையில் வர்ஜின் என்ற இன்னொரு கம்பெனிக்கு இடம் கொடுக்க பிரிட்டனின் ரயில் ஒழுங்குமுறை அமைப்பு 2025 அக்டோபரில் சம்மதித்திருக்கிறது, அவர்கள் 2030-இல் ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். அதுவரைக்கும் தேதியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ள முடிகிறவருக்குத்தான் மலிவு விலை.

கேள்வி: சென்னையிலிருந்து நானும் மனைவியும் (இருவருக்கும் 65-க்கு மேல்) ஜூரிக்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். பாரிஸில் மூன்று நாள் தங்கிவிட்டு அங்கே போகிறோம். ஐரோப்பிய ரயில் பாஸ் எடுக்கச் சொல்லி டிராவல்ஸ்காரர் வற்புறுத்துகிறார். வாடகைக் கார் எடுத்தால் ஊர் பார்த்துக்கொண்டே போகலாம் என்று எனக்கு ஆசை.

பதில்: பாஸ் வேண்டாம் ஐயா. ஒரே ஒரு நீண்ட பயணத்துக்குப் பாஸ் எடுப்பது ஒரு வாய் காபிக்காகப் பசுமாடு வாங்குவது. பாஸ் கையில் இருந்தாலும் பாரிஸ்-ஜூரிக் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்குகிற இருக்கைகளும் கொஞ்சம்தான். பத்துப் பதினைந்து நாள் நாலு நாடு சுற்றுகிறவருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளோடு போகிறவருக்கு அது லாபம். உங்களுக்கு இல்லை.

டிஜிவி லிரியா ரயில் பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து ஜூரிக்குக்கு நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் போகிறது, நகரத்து நடுவில் ஏறி நகரத்து நடுவில் இறங்கலாம். தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள், முதலில் எடுப்பவர்களுக்கும் கடைசியில் எடுப்பவர்களுக்கும் விலையில் மடங்குக் கணக்கில் வித்தியாசம் இருக்கும். டிக்கெட்டை உங்கள் கார்டில் போடாமல் மகனையே போடச் சொல்லுங்கள். நம் வங்கிகளில் பல கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை மேலே போடும், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

கார் ஆசை புரிகிறது, ஆனால் பிரான்சில் எடுத்து சுவிட்சர்லாந்தில் விடுவதென்றால் நாடு மாறி விடுவதற்கான கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டும். அப்புறம் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏற 40 ஃபிராங்குக்குச் சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும் (ஒரு நாள் ஓட்டினாலும் வருடத்துக்கான காசுதான்), எல்லாவற்றுக்கும் மேலே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஆசைக்கு ஜூரிக்கில் ஒரு நாள் மகன் ஓட்ட நீங்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

கேள்வி: நான் ஜெர்மனி கொலோனில் இருக்கிறேன். லண்டன் போகும்போது கொலோன்-பிரஸ்ஸல்ஸ் ரயில் தாமதமாகி யூரோஸ்டாரைத் தவறவிட்டேன். இரண்டும் தனித்தனியாக எடுத்த டிக்கெட். புது டிக்கெட் எடுக்க வேண்டி வந்தது. காசு கிடைக்குமா? விமானம் என்றால் கிடைத்திருக்குமே?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் உங்களைப் போய்ச் சேர்க்கிற பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்ததால், தாமதமான ரயிலின் டிக்கெட்டுக்கு மட்டும் கேட்கலாம். ஐரோப்பியச் சட்டப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு மேல் 50. விமானத்துக்கு விதி வேறு. 1,500 கிலோமீட்டருக்குள் பறக்கிற விமானம், கம்பெனியின் தவறால் மூன்று மணிக்கு மேல் பிந்தினால் 250 யூரோ, நீங்கள் 20 யூரோவுக்கு டிக்கெட் வாங்கியிருந்தாலும் அதே 250. ஆனால் விமானத்திலும் தனித்தனி டிக்கெட் எடுத்து அடுத்ததைத் தவறவிட்டால் கதை உங்களுடையதுதான்.

அடுத்த முறை இப்படி நடந்தால் பிரஸ்ஸல்ஸில் உடனே புது டிக்கெட் எடுக்காதீர்கள். இறங்குவதற்கு முன்னால் கண்டக்டரிடம் தாமதத்தை எழுதி வாங்கிக்கொண்டு நேரே அடுத்த ரயிலின் கவுண்டருக்குப் போய் நில்லுங்கள். தனி டிக்கெட்டாக இருந்தாலும் தொடர்ச்சிப் பயணிகளை அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வதற்குச் சில ரயில் கம்பெனிகளுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறது, இடம் இருந்தால் ஏற்றுவார்கள், கேட்காதவரை அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.