நல்ல வாளைப் பூட்டி வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் 'செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' கேமை ஆட ஆரம்பித்தேன். உலகம் அழகாக இருக்கிறது. ஆனால் எடுத்த ஆயுதமெல்லாம் சண்டைக்கு நடுவே உடைந்துபோகிறது. நல்ல வாள் கிடைத்தால் எடுக்கவே மனம் வரவில்லை, பையிலேயே கிடக்கிறது. போதாததற்கு கொரோக் என்ற குட்டி வன ஆவிகள் தரும் 900 விதைகள் வேறு ஒளிந்திருக்கின்றனவாம். வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடலாமா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த வாளை வெளியே எடுங்கள்.

2017இல் இந்த கேம் வந்தபோது நானும் நல்ல ஆயுதங்களைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தேன். ஈவன்டைட் தீவு அந்தப் பழக்கத்தைப் போக்கியது. வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் தனியாகக் கிடக்கும் தீவு அது. மணலில் கால் வைத்ததும் ஒரு குரல் கேட்கும். வாள், வில், கேடயம், உடுப்பு, சமைத்து வைத்த சாப்பாடு எல்லாம் பறிபோய்விடும். மூன்று உருண்டைகளைத் தேடிப் பீடங்களில் வைத்தால்தான் திரும்பக் கிடைக்கும். அங்கே ஒரு மரக்கிளையோடு தொடங்கினேன். கிளை ஒடிந்ததும் பொகோப்ளின் என்ற குட்டி அரக்கன் நழுவவிட்ட தடியை எடுத்து அதையே அடித்தேன். ஓர் உருண்டை ஹினாக்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் கழுத்தில் தொங்குகிறது. கண்ணில் அம்பு பட்டால் அவன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். அதனால் அன்று எனக்கு எந்த வாளையும் விட அங்கே பொறுக்கிய நாலு அம்புகள்தான் பெரிதாக இருந்தன.

ஆயுதம் உடைவதால்தான் நாம் சுற்றிப் பார்க்கிறோம். மேட்டில் பாறை இருந்தால் உருட்டிவிடலாம். இடி மின்னல் நேரத்தில் இரும்பு வாளை எதிரியின் காலடியில் எறிந்தால் மின்னல் அங்கே இறங்கும். உடையாத வாள் ஒன்றை முதலிலேயே கொடுத்திருந்தால் இதில் எதையும் யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். உடையாத மாஸ்டர் ஸ்வார்ட் என்ற வாளைக்கூட, உயிரின் அளவைக் காட்டும் இதயங்கள் 13 சேர்ந்த பிறகுதான் உருவ முடியும். அதுவும் ஓயாமல் உழைக்காது. சக்தி தீர்ந்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

விதைகளைக் கண்டுபிடிப்பதும் இதே கண்தான். மலையுச்சியில் ஒற்றைக் கல் கிடக்கிறதா, தூக்கிப் பாருங்கள். வட்டமாக அடுக்கிய கற்களில் ஒன்று குறைகிறதா, பக்கத்தில் தேடி எடுத்து வையுங்கள். கொரோக் கூவிக்கொண்டு வெளியே வரும். அது தரும் விதையை ஹெஸ்டு என்ற பெரிய கொரோக்கிடம் கொடுத்தால் ஆயுதம் வைக்கப் பையில் இடம் கூடும். முதல் இடத்துக்கு ஒரு விதை போதும், அப்புறம் விலை ஏறிக்கொண்டே போகும்.

அதனால் வரைபடம் வேண்டாம். பையை முழுதாக விரிக்க 441 விதைகள் போதும். அதற்கு மேல் கிடப்பவை யார் எந்த வழியில் போனாலும் கண்ணில் படுவதற்காக என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. வாள் உடையப்போகிறது என்று திரையில் காட்டியதும் எதிரியின் மேல் வீசி எறியுங்கள். உடையும் அடிக்கு இரட்டிப்பு பலம்.

ஹெஸ்டுவை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ககாரிகோ கிராமத்துக்குப் போகும் பாதையில் நிற்பார். அவருடைய கிலுகிலுப்பைகளைப் பொகோப்ளின்கள் திருடி வைத்திருக்கின்றன, முதலில் அவற்றை மீட்டுக் கொடுங்கள்.