யாரும் தொடாமலே அலறும் பைக் அலாரம்

கேள்வி: பைக்கில் அலாரம் மாட்டியிருக்கிறேன். லாரி போனாலும் அலறுகிறது, இடி இடித்தாலும் அலறுகிறது, சில ராத்திரி காரணமே இல்லாமல் அலறுகிறது. மெக்கானிக் சென்சாரின் உணர்திறனைக் குறைத்து வைத்தார். இப்போது வண்டியைப் பிடித்து ஆட்டினாலும் சத்தமே வரவில்லை. கழற்றிப் போட்டுவிடலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். குறைத்துக்கொண்டே போவதும் வேண்டாம், திருடன் வரும்போது வாய் திறக்காத அலாரம் எதற்கு?

பெரும்பாலான அதிர்வு சென்சார்களுக்குள் இருப்பது ஒரு சின்ன பீசோ தகடு. அது அதிர்ந்தால் துளி மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான். அதிர்வு லாரியால் வந்ததா, ஆளால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் சீட்டைத் தூக்கி, சென்சார் இருக்கும் அலாரம் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் மாட்டுபவர்கள் அதை பிளாஸ்டிக் பேனலில் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள், அந்த பேனலோ சின்னச் சத்தத்துக்கும் பறைத்தோல் மாதிரி அதிரும். பெட்டியை இரும்பு சேஸியோடு ஆடாமல் இறுக்குங்கள். அப்புறம் உணர்திறனைக் குறைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் பூட்டி, அலாரம் விழிப்பு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, சீட்டை உள்ளங்கையால் தட்டினால் சும்மா இருக்க வேண்டும், பூட்டிய ஹேண்டில்பாரைப் பிடித்து முறுக்கினால் கத்த வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

காரணமில்லாமல் அலறுவது எப்போது என்று கவனியுங்கள். நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே என்றால், சூடான இன்ஜினும் சைலன்சரும் ஆறிச் சுருங்கும்போது வரும் டிக் டிக் சத்தமாக இருக்கலாம். சாய்வு சென்சாரும் இருந்தால் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள்: பூட்டும்போது இருந்த கோணத்தை அது நினைவில் வைத்திருக்கும், ஸ்டாண்டு மண்ணிலோ வெயிலில் இளகிய தாரிலோ மெல்லப் புதைந்தால் வண்டியை யாரோ நகர்த்துவதாக எடுத்துக்கொள்ளும். அடியில் ஒரு தட்டையான தகடு வைத்தால் போதும். காற்றில் படபடக்கும் கவரையும் இழுத்துக் கட்டுங்கள்.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. மின்னழுத்தம் இறங்கினால் யாரோ ஒயரை வெட்டுகிறார்கள் என்று எண்ணிக் கத்தும் அலாரங்களும் உண்டு. 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் அலாரம், ஓட்டாமல் நிற்கும் வண்டியில் 3 வாரத்தில் 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதியைக் குடித்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு அடங்கவில்லை என்றால் சென்சாரையே மாற்றுங்கள். லேசான தொடலுக்கு ஒரு சின்ன பீப், தொடர்ந்து ஆட்டினால் மட்டும் முழுச் சத்தம் என்று இரண்டு கட்டமாக எச்சரிக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.