தணிக்கை அறிக்கையில் ஒரே ஒரு பத்தி போதும்

கேள்வி: முதல் முறை நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஒருவரிடம் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். எதிர்க்கட்சி, பின்வரிசை. ஊழலைத் தடுக்கத் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தானே முன்வைக்கும் சட்ட வரைவு) கொண்டுவர விரும்புகிறார். பலன் இருக்குமா?

பதில்: தாராளமாகக் கொண்டுவரட்டும். ஆனால் முதல் வருட உழைப்பை முழுக்க அதில் கொட்டிவிடாதீர்கள். எதிர்க்கட்சியினரின் தனிநபர் மசோதா நிறைவேறுவது மிக அபூர்வம். ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 2005 டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் சேர்ந்த நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் சட்டம் இருக்கும். செலவான பணத்துக்கு விடாமல் கணக்குக் கேட்கத்தான் ஆள் போதவில்லை.

கடைசியாக அவையில் வைக்கப்பட்ட, அரசுச் செலவைப் பற்றிய தணிக்கை அறிக்கையை எடுங்கள். முழுவதையும் படித்துத் திணற வேண்டாம். அவருக்குப் பழக்கமான துறையில் ஒரே ஒரு பத்தியைப் பிடியுங்கள். ஒரு பாலம் என்று வைத்துக்கொள்வோம். "பாலத்தில் முறைகேடு நடந்ததா?" என்று அவையில் கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், அத்தோடு முடிந்தது. இப்படிக் கேளுங்கள்: எத்தனை ஒப்பந்தப்புள்ளிகள் வந்தன? நிராகரித்தவை எத்தனை, என்ன காரணம்? முதல் மதிப்பீடு எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு? வேலை முடிந்ததாகச் சான்று தந்தது எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதியில்? இவற்றுக்கு எண்ணும் தேதியும்தான் பதிலாக வர முடியும். அந்தப் பதிலைத் தணிக்கைப் பத்தியோடு ஒட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கேதான் துணைக் கேள்வி.

அப்புறம், அரசு செலவழித்த பணத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான பொதுக் கணக்குக் குழுவில் இடம் கேட்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1861-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், எதிர்க்கட்சிக்காரரே தலைவராக இருப்பது பல நாடுகளில் வழக்கம். கேமராவும் கைதட்டலும் இல்லாத வேலைதான். ஆனால் அதிகாரியை எதிரே உட்காரவைத்துக் கோப்பைப் புரட்டச் சொல்ல முடிவது அங்கேதான்.

இப்படிக் கணக்குக் கேட்பதற்கும் நாட்டின் அமைதிக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் உறுப்பினர் கேட்டால் ஈராக்கைச் சொல்லுங்கள். 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் வசம் போனது. அந்த ஆண்டு இறுதியில் பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் ஓர் எண்ணைச் சொன்னார்: வேலைக்கே வராத 50,000 வீரர்களின் பெயரில் சம்பளம் போயிருக்கிறது. சம்பளப் பட்டியலை ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்காததன் விலையை ஊரைவிட்டு ஓடிய குடும்பங்களும் சேர்ந்து கொடுத்தன. ராணுவச் செலவு ரகசியம் என்று சொல்லி வாயை அடைப்பார்கள். படை எங்கே நிற்கிறது என்பது ரகசியமாக இருக்கலாம். சம்பளப் பட்டியலைத் தணிக்கை செய்தார்களா என்று கேட்பதில் ரகசியம் ஏதும் உடையாது.

இன்னொன்று. அவர் தன் சொத்து விவரத்தைச் சட்டம் கேட்பதற்கும் மேலாகவே வெளியிடட்டும். இல்லையென்றால் முதல் கேள்விக்கே பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும்.

நீங்கள் கேள்விகள் கேட்க ஆரம்பித்ததும் துறைக்குள்ளிருந்து யாராவது காகிதங்களை அனுப்புவார்கள். அவற்றை நடுநிலை அதிகாரியிடமோ தணிக்கைத் துறையிடமோ வேறு வழியிலோ சரிபார்க்க முடிந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள். அவையில் பேசுவதற்கு உறுப்பினருக்குச் சிறப்புரிமை, அதாவது சட்டப் பாதுகாப்பு, உண்டு; காகிதம் கொடுத்தவருக்குக் கிடையாது. நகலின் ஓரத்தில் இருக்கும் கோப்பு எண், கையெழுத்துக் குறிப்பு, தொலைநகல் நேரம் எல்லாவற்றையும் மறைத்த பிறகே அந்தத் தாள் உங்கள் அறையைவிட்டு வெளியே போக வேண்டும்.