எங்கே போச்சு, என்ன ஆச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. பட்டறையில் 11 பேர், வீட்டிலிருந்தே வளையம் கோர்த்துத் தரும் பெண்கள் தனி. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு ஆர்டர் குறைந்தது, அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். ஆனால் போன மாதம், 22 வருடமாகப் பற்றவைப்பு வேலையில் இருந்த அண்ணன் ஒருவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு போனஸ், பொங்கலுக்குத் துணி, கேட்டபோதெல்லாம் முன்பணம் என்று நான் எதிலும் குறை வைத்ததில்லை. இப்போது காலையில் பட்டறைக் கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் விலைக்கு வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் அர்த்தமாக வாழலாம் என்று தோன்றுகிறது. மலையில் பல வருடம் இருந்தவர் நீங்கள். சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். 'ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவர் ஏன் போனார் என்று உங்களுக்குப் புரியவில்லை. 22 வருடம் பக்கத்தில் இருந்தவருக்கு அதை உங்களிடம் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதே கேள்வி எனக்கும் ஒருமுறை வந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஒன்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தேன். மலைக்கு நவம்பர் வந்தால் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். ஒரே கிளையில் ஒரு பழம் சிவந்திருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாக இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போவார்கள். ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லோரும் விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும்.

எனக்கோ வருகைப் பதிவேடுதான் எல்லாம். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். வந்த நாளில் அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன். பனி இறங்கிக்கொண்டிருக்கும், அவள் அதில் நிற்பாள். ஒரு மாதம் இப்படி நடந்தது. ஒருநாள் சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் எதேச்சையாகக் கேட்டேன். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி. பாட்டிக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பாட்டி பார்த்துக்கொள்வாள், இவள் பள்ளிக்கு வருவாள். இல்லாவிட்டால் இவள்தான் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். சமையல் அம்மாவுக்கு அது தெரியும். உதவி ஆசிரியைக்குத் தெரியும். வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று சமையல் அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க கோபமா இருந்தீங்க, பெரிய டீச்சர்" என்றார்.

நான் யாரையும் அடித்ததில்லை. யாருக்கும் கொடுக்க வேண்டியதை நிறுத்தியதில்லை. நல்ல தலைமை ஆசிரியை என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே ஒரு குழந்தை பனியில் நின்றுகொண்டிருந்தபோது, காரணம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பெண்ணின் முகம்தான் தெரிகிறது.

மறுநாள் அவளைத் தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். குழந்தை சமையல்கட்டுத் திண்ணையிலேயே வளர்ந்தது. அது சுலபம். என்னிடம் பேசலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்ற வைப்பதுதான் கடினமாக இருந்தது. தினமும் காலையில் அலுவலக அறைக்குப் போகாமல், சமையல்கட்டுப் படியில் அரை மணி நேரம் உட்காருவேன். டீ குடிப்பேன். பத்து நாள் வரை யாரும் எதுவும் சொல்லவில்லை, "நல்லா இருக்கு டீச்சர்" என்பதோடு சரி. அப்புறம் ஒருநாள் சமையல் அம்மா தயங்கித் தயங்கி, அரிசி மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது என்றார். எனக்கு அத்தனை சந்தோஷம். ஒரு கெட்ட செய்தி முதல் தடவையாக நேராக என்னிடம் வந்திருக்கிறது. என் ஆசிரியர் வேலைக்கு ஏதாவது அர்த்தம் இருந்தது என்றால், அது அந்தப் படியில் உட்கார்ந்த காலைகளில்தான் இருந்தது.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருகிறேன். உங்கள் தொழிலே எடையில் நடப்பது. வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறீர்கள், கொலுசாக எடை போட்டு வாங்குகிறீர்கள். கம்பி இழுக்கும்போதும் பற்றவைக்கும்போதும் மெருகு போடும்போதும் கொஞ்சம் போகும், அதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. சரி, அந்தக் கணக்குக்கு மேலே ஒருநாள் நாலு கிராம் குறைந்தால் உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது? "எங்கே போச்சு?" என்றா, "என்ன ஆச்சு?" என்றா?

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். "எங்கே போச்சு" என்றால் எதிரே நிற்பவர் எடுத்தவராகிவிடுகிறார். அதற்கு அவரால் ஒரு பதிலும் சொல்ல முடியாது. "என்ன ஆச்சு" என்றால் ஊதுகுழலில் கோளாறு, கண் சரியாகத் தெரியவில்லை, ராத்திரி வீட்டில் தூக்கமில்லை என்று எதையாவது சொல்வார். 22 வருடம் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கண் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா தம்பி? விலை ஏறி ஆர்டர் குறைந்த மாதங்களில், அடுத்து யாரை நிறுத்துவார்கள் என்று பட்டறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? விலை ஏறியதை நீங்கள் சமாளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் அவர்களிடம் உட்கார்ந்து பேசினீர்களா என்று எழுதவில்லை.

ஏற்காட்டுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் அங்கே போனால் மனிதர்களைக் கட்டி மேய்க்க வேண்டாம் என்று நினைத்து வாங்காதீர்கள். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டு வந்ததிலிருந்து இன்றுவரை, மலையில் காப்பியைக் கையால்தான் பறிக்கிறார்கள். இரண்டு ஏக்கருக்கும் ஆள் வேண்டும். ஒருநாள் பறிப்புக்கு நாலு பேர் வராமல் போவார்கள். அன்றைக்கு என்ன கேட்பீர்கள்? இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இந்தக் கேள்வி உங்கள் பின்னாலேயே வந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. போனஸ், துணி, முன்பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போகும்போது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கொடுத்தீர்களா? 1972-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு. அவராக வேலையை விட்டுப் போனாலும் உண்டு. எண்ணிக்கைக் கூலி வாங்குபவருக்கு, கடைசி மூன்று மாதக் கூலியில் ஒருநாள் சராசரி பார்ப்பார்கள். உங்கள் பட்டறையில் 11 பேர். 22 வருடத்துக்கு 330 நாள் கூலி வருகிறது. அவர் கேட்டிருக்க மாட்டார். வேறு பட்டறைக்குப் போவதையே சொல்ல முடியாதவர், இதை எப்படிக் கேட்பார்?

கணக்குப் பார்ப்பவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, தொகையை எடுத்துக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். பட்டறையில் இருந்து ஆள் அனுப்ப வேண்டாம். திரும்பி வரச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, "என்ன ஆச்சுண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் உடனே பேசாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். தோட்டத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அம்மா