கொல்ல நினைக்காதவர் கொலையாளி ஆவது எப்படி?

கேள்வி: சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள், “கையை உடைக்க வேண்டும் என்று மட்டும் எண்ணி ஒருவரை அடித்து, அவர் இறந்துபோனால் இங்கிலாந்தில் அது கொலைதான்” என்கிறாள். கொல்லும் எண்ணமே இல்லாதவரைக் கொலையாளி என்பது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியாகவே வளர்ந்த இங்கிலாந்தின் பொதுச் சட்டம், கொலைக்கு வேண்டிய குற்றமனம், அதாவது செய்தவரின் மனநிலை, என்று இரண்டைச் சொல்கிறது: கொல்லும் கருத்து (எண்ணம்), அல்லது கொடுங்காயம், அதாவது மிகக் கடுமையான உடற்காயம், விளைவிக்கும் கருத்து. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். பழைய சட்ட நூல்கள் இதை ‘முன்திட்டமிட்ட வன்மம்’ என்ற பொருளில் குறிப்பிட்டன. ஆனால் இன்று அதற்கு முன்திட்டமும் தேவையில்லை, வன்மமும் தேவையில்லை.

கொள்ளை போன்ற வேறொரு குற்றத்தைச் செய்யும்போது மரணம் நேர்ந்தாலே கொலை என்று கருதிய பழைய விதியை 1957ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. கொடுங்காய விதியும் அதோடு போயிற்று என்று சிலர் வாதிட்டபோதிலும் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் உறவுகொள்ளத் திட்டமிட்டவர் என்று தவறாக நினைத்து, மதுக்கடையில் ஒருவரை நாற்காலியால் அடித்துக் கொன்றவரின் வழக்கில், 1981இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை அந்த விதியை உறுதிசெய்தது. அங்கே தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான எட்மண்ட்-டேவிஸ் பிரபு, கையை உடைத்ததால் நேர்ந்த மரணமும் கொலையாகிவிடுவது விசித்திரமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். மாற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்று சொல்லி, விதியை அப்படியே விட்டார். உங்களுக்கு எழுந்த ஐயம் அந்த நீதிபதிக்கும் எழுந்திருக்கிறது.

இதைவிடச் சிக்கலான கேள்வி, ‘கருத்து’ என்றால் என்ன என்பது. 1972இல் காவென்ட்ரி நகரில் ஒரு பெண், தன் முன்னாள் காதலரை மணக்கவிருந்தவரின் வீட்டுக் கடிதத் துவாரத்தின் வழியே பெட்ரோலை ஊற்றித் தீவைத்தார். உள்ளே உறங்கிய இரண்டு சிறுமிகள் இறந்தனர். அந்த வீட்டுக்காரியை அச்சுறுத்தி ஊரைவிட்டுப் போகச் செய்வதே தன் நோக்கம் என்றார் அவர். இது ஹயாம் வழக்கு. கடுமையான காயம் நேர மிகுந்த வாய்ப்புண்டு என்று அறிந்தே செய்தது போதும் என்று கூறி, பிரபுக்கள் சபை கொலைத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

அந்த நிலை நீடிக்கவில்லை. முன்கூட்டி உணர்வது வேறு, கருதுவது வேறு. உணர்ந்தார் என்பது கருதினார் என்பதற்குச் சான்றாகலாமே தவிர, அதுவே கருத்து ஆகாது என்று 1985இல் அதே சபை கூறியது. அடுத்த ஆண்டில், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பாலத்திலிருந்து கான்கிரீட் கட்டையைத் தள்ளி, வேலைக்குச் சென்ற ஒருவரை ஏற்றிவந்த டாக்சியின் ஓட்டுநர் சாகக் காரணமான இருவரின் குற்றம், கொலையல்ல, அதைவிடக் குறைந்த குற்றமான கைமோசக் கொலையே என்று முடிவாயிற்று. இறுதியாக 1998இல், மூன்று மாதக் குழந்தையைக் கோபத்தில் வீசியெறிந்த தந்தை பற்றிய வூலின் வழக்கில் அளவுகோல் இறுகியது: மரணமோ கொடுங்காயமோ ஏறத்தாழ உறுதியாக விளையும் என்ற நிலை இருந்து, அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் உணர்ந்திருந்தால் மட்டுமே, அவர் அதை விரும்பாதபோதும் கருத்து இருந்ததாக ஜூரர்கள் முடிவுசெய்யலாம். ‘வேண்டும்’ என்று சொல்லாமல் ‘லாம்’ என்று நிறுத்தியது மழுப்பல் என்பது என் எண்ணம். ஆயினும் சட்டம் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

இந்தியச் சட்டம் இதில் வேறு வழியில் செல்கிறது. எலும்பு முறிவு இங்கே கொடுங்காயம்தான். ஆனால் ஏற்படுத்தக் கருதிய காயம் இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று பாரதிய நியாய சம்ஹிதையின் 101ஆம் பிரிவு கேட்பதால், வெறும் கை முறிவு பொதுவாக அந்த எல்லையை எட்டாது. உங்கள் மகளிடம் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: துன்பம் தாளாமல் தவிக்கும் நோயாளியைக் கருணையால் கொன்றாலும் அங்கே கொலைதானா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆம். எதற்காகச் செய்தார் என்பது நோக்கம். எதைச் செய்யக் கருதினார் என்பதே குற்றமனம். நோக்கம் எவ்வளவு நல்லதாயினும் கொல்லும் கருத்து இருந்தால் அது கொலை. கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம் என்பதால் நீதிபதியால் அதைத் தவிர்க்க முடியாது. விடுதலையைப் பரிசீலிக்கும் முன் குறைந்தது எத்தனை ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்று வரையறுக்கும்போது மட்டும், கருணைச் செயல் என்ற அவரது நம்பிக்கையைக் கணக்கில் கொள்ளலாம்.